உலகளந்த கோலும் ஒரு பேரெண்ணும்

1. தோற்றுவாய்

காஞ்சிமாநகரின் ஊரகத்தில் ஓரடி ஊன்றி, ஓரடி தூக்கி, நெடிதுயர்ந்து நிற்கும் திருமாலை உலகளந்த பெருமாள் என மக்கள் வழங்குவர். ஆழ்வார்களால் பாடப்பெற்ற இத்திருவூரகம் பண்டைக் கச்சிப்பேட்டின் ஒரு பகுதி. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு இவ்வூரகத்துக் கோயிலைப் பற்றியதே. கச்சிப்பேட்டில் நிறுத்து விற்கும் பண்டங்களின்மேல் பெற்ற கோல்நிறைகூலியும், அளந்து விற்கும் பண்டங்களின்மேல் பெற்ற கால்அளவுகூலியும் அக்கோயிலுக்குரிய வருவாய்களாக அதன்கண் கூறப்படுகின்றன. அந்நகரத்து நெசவாளர் வாழ்ந்த சேரிகளும் குறிக்கப்படுகின்றன. இழையை எண்ணி நெய்வோரும், பொன்னை நிறுத்துத் தருவோரும், நெல்லை அளந்து கொடுப்போரும் நிறைந்த அவ்வூரில், உலகையே அளந்தவன் கோயில் கொண்டு, அளவையாலும் நிறையாலும் வந்த கூலியைக் கொண்டு வழிபடப்பட்டமை கருதத்தக்கது.

உலகளந்தான் என்னும் அத்திருப்பெயர் கோயிலோடு நின்றுவிடவில்லை. சோழப் பேரரசின் நில அளவைத் துறைக்கும் சென்றது. முதலாம் இராசராசன் (கி.பி. 985-1014) தன் நாட்டு நிலங்களைக் கி.பி. 1001 அளவில் அளப்பித்தான். அப்பணியை நடத்திய தலைவன் உலகளந்தான் என்னும் சிறப்புப் பெற்றான். நிலமளந்த கோலும் உலகளந்த கோல் எனப்பட்டது. அவ்வளவையின் பயனைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளிற் காண்கிறோம். இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டளவும் (கி.பி. 1014) கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலப்பரப்பும் நெல்வருவாயும் ஆங்குப் பதிவாகியுள்ளன.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியால் இவை வெளிப்பட்டபின், வரலாற்று நூல்களில் ஒரு பேரெண் இடம்பெறலாயிற்று. ஒரு வேலி நிலத்தில் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரையிலும் நிலம் அளக்கப்பட்டு இறை விதிக்கப்பட்டது என்பதே அச்செய்தி. ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு இலட்சம் எனப் படிக்கப்படும் இவ்வெண்ணை மேடைகளிலும் பாடநூல்களிலும் வியந்து கூறுகிறோம். ஆயின், இவ்வெண் எங்ஙனம் பிறந்தது, அதன் இயல்பு யாது, அது எதற்குச் சான்றாகும் என்னும் வினாக்களை நம்மில் மிகச் சிலரே எழுப்பினர். அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வெண் அளவுகோலின் நுட்பத்துக்குச் சான்றன்று, கணக்கின் நேர்மைக்கே சான்று என்பது யாம் கண்ட முடிபு.

2. கீழ்வாய் இலக்கமும் வாழ்க்கையும்

பேரெண்களுக்குப் பெயரிடுதல் தமிழர்க்குப் பழைய வழக்கம். ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியர் புணர்ச்சி விதி கூறினார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுத் தந்தனர். இவை மேல்நோக்கிச் செல்லும் எண்கள். யாம் ஆராயப் புகுந்த எண்ணோ தனிப்பெயர் பெறாதது; ஒன்றைப் பகுத்துக்கொண்டே கீழ்நோக்கிச் சென்றவிடத்துப் பின்னத்தின் கீழெண்ணாக மறைந்து நிற்பது. ஆகவே கீழ்வாய் இலக்கத்தை முதலில் அறிதல் வேண்டும்.

கீழ்வாய் இலக்கம் கணக்காயர்க்கு மட்டும் உரிய பொருளன்று. காஞ்சிப் பகுதியைச் சார்ந்த உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிப்பது யாவரும் அறிந்ததே. குடத்தில் பெயர் இடப்பெறுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால்நிலத்துக்கு மேல் இருத்தல் வேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவனாயின் அரைக்கால் நிலமே போதும். கால் வேலி, அரைக்கால் வேலி என இவற்றுக்கு ஆராய்ச்சியாளர் பொருள் கொள்வர். நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்னும் பின்னங்கள் ஒருவன் பெயர் குடத்துக்குள் செல்வதா, வெளியே நிற்பதா என்பதை முடிவு செய்தன. நிலக்கணக்கில் பிழை நேரின் இறை மட்டுமன்று, உரிமையும் பிழைபடும் என்பது இதனால் போதரும்.

கீழ்வாய்ப் பின்னங்களுள் முதன்மையானவற்றைக் காண்போம். முக்கால், அரை, கால், அரைக்கால் என்பன இரண்டிரண்டாகப் பகுத்து வந்தவை. மாகாணி பதினாறில் ஒன்று. நான்மா ஐந்தில் ஒன்று. இருமா பத்தில் ஒன்று. ஒருமா இருபதில் ஒன்று. அரைமா நாற்பதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. கல்வெட்டுகள் இதனை முந்திரிகை என்னும். மா என்பது எண்ணின் பெயராகவும், வேலியில் இருபதில் ஒரு கூறாகிய நிலத்தின் பெயராகவும் வழங்கியமை, இப்பின்ன முறையும் நில அளவையும் ஒருங்கே வளர்ந்தமையைக் காட்டும்.

முந்திரிக்கும் சிறிய பகுதியைக் குறிக்க வேண்டுமிடத்துப் புதுப்பெயர்களை நாடாது, 'கீழ்' என்னும் ஒரு சொல்லால் முன்னோர் வழி கண்டனர். 'கீழ்' என்றபின் வரும் பின்னங்கள் யாவும் 320-ஆல் வகுபடும். மீண்டும் 'கீழ்' வரின் மீண்டும் 320-ஆல் வகுத்தல் வேண்டும். தெளிவுக்காக ஒரு தொடரை யாமே அமைத்துக் காட்டுவோம். 'நான்கு வேலியே காலே கீழ் அரையே இருமா' என்பதில் முதலில் நாலேகால் வேலி உள்ளது. பின் அரையும் இருமாவும், அஃதாவது பத்தில் ஆறு, 320-ஆல் வகுக்கப்பட்டு அதனோடு சேர்கிறது. அரை என்னும் சொல் ஒன்றே; அது நிற்கும் படியால் மதிப்பு வேறுபடுகிறது.

பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு ஒன்றைப் படிப்படியாகப் பகுத்தனர். மணியை அறுபது நிமிடமாகவும் நிமிடத்தை அறுபது நொடியாகவும் இன்றும் பகுக்கிறோம். தமிழ்க் கணக்கர் 320-ஐ அடியாகக் கொண்ட முறையும் அதனோடு ஒப்பிடத்தக்கதே. இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. 60 மூன்றால் வகுபடும்; 320 வகுபடாது. இச்சிறு வேற்றுமை பெரிய விளைவுகளை உடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. எண்ணின் கூறுகள்

இனி 52,42,88,00,000 என்னும் எண்ணைக் கூறுபடுத்துவோம். 320-ஐ 320-ஆற் பெருக்க 1,02,400 வரும். இதுவே கீழ்முந்திரியின் கீழெண். 1,02,400-ஐ அதே எண்ணால் மீண்டும் பெருக்க 10,48,57,60,000 வரும். இது நான்காம் கீழின் கீழெண். இதனை ஐந்தாற் பெருக்க யாம் கருதிய எண் எச்சமின்றி வருகிறது. ஐந்தில் ஒன்று நான்மா ஆதலின், அப்பேரெண் தமிழில் நான்கு 'கீழ்' அடுக்கி வரும் நான்மா என்பதே. பல சொற்களால் நாம் கூறும் எண்ணை முன்னோர் ஐந்து சொற்களால் முடித்தனர்.

பகா எண்களாகப் பிரிப்பின் இவ்வெண்ணின் இயல்பு இன்னும் தெளிவாகும். 2-ஐ 24 முறை அடுக்கிப் பெருக்க 1,67,77,216 வரும். 5-ஐ ஐந்து முறை அடுக்கிப் பெருக்க 3,125 வரும். இவ்விரண்டின் பெருக்கமே 52,42,88,00,000. இரண்டும் ஐந்தும் அன்றி வேறு பகா எண் எதுவும் இதன்கண் இல்லை. மூன்றால் வகுபடாது, ஏழால் வகுபடாது, பதினொன்றாலும் வகுபடாது. இதனை எச்சமின்றி வகுக்கும் எண்கள் 150.

இதனால் விளையும் பயன் யாது? இரண்டாலும் ஐந்தாலும் மட்டும் ஆகிய கீழெண்ணை உடைய பின்னம் பத்தின் கூறுகளாக எழுதும்போது முடிவுறும். ஒன்றை இப்பேரெண்ணால் வகுத்தால் புள்ளிக்குப்பின் 24 இடங்களில் வகுத்தல் நின்றுவிடும். மூன்றில் ஒன்றை அவ்வாறு எழுதப் புகின் என்றும் முடியாது. அதுபோன்றே, எத்துணைக் 'கீழ்' அடுக்கினும் மூன்றில் ஒன்றைக் கீழ்வாய் இலக்கத்தால் முற்ற எழுதுதல் இயலாது. ஆகவே, இவ்வெண்ணில் மூன்று இன்மை தற்செயலன்று. அம்முறையின் எல்லையே அது.

4. அளந்ததா, கணித்ததா?

ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அதனை இப்பேரெண்ணாற் பகுத்தால் கிடைக்கும் பரப்பு, இக்கால அளவையில் ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஊசி முனையால் குத்திய புள்ளியினும் பெரிதன்று. நாற்று முடியை நட இடம் போதாத அத்துணைச் சிறு நிலத்தைச் சேற்றுவயலிலே கோலிட்டு அளந்தனர் என்பது பொருந்தாது. வரப்பின் ஒரு மண்கட்டி சரிந்தால் மாறும் பரப்பு அதனினும் பல்லாயிர மடங்கு மிகும்.

இறையால் நோக்கினும் இதுவே முடிபு. தஞ்சைக் கல்வெட்டுகளில் நெல்வருவாய் பெரும்பாலும் வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம். கலம் ஒன்றுக்கு 96 நாழி ஆதலின் நூறு கலம் 9,600 நாழி. வாய்பாட்டு நூல்களின்படி 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. எனவே நாழி ஒன்றுக்கு 14,400 நெல்லும், வேலி ஒன்றின் இறைக்கு 13,82,40,000 நெல்லும் ஆகும். இரண்டாம் கீழில் ஒன்று, அஃதாவது வேலியில் 1,02,400-இல் ஒரு பங்கு, 1,350 நெல் தரும். அது கணக்கில் ஏறத்தக்கதே. மூன்றாம் கீழில் ஒன்று நான்கு நெல்லுக்குச் சிறிது மிகுதி. யாம் கருதிய பேரெண்ணின் பங்கோ ஒரு நெல்லில் 379-இல் ஒரு கூற்றினும் குறைவு. அதனை அளந்து கொடுக்கும் நாழியும் இல்லை; பெற்று வைக்கும் களஞ்சியமும் இல்லை.

அங்ஙனமாயின் கணக்கர் அதனை எழுதியது ஏன்? இறையிலி நீக்கும் முறையிலேயே இதற்கு விடை உள்ளது. ஓர் ஊரின் மொத்த நிலத்தை முதலில் எழுதினர். அதினின்றும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் சென்ற வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களை நீக்கினர். எஞ்சிய நிலத்துக்கே நெல் கணக்கிட்டனர். நத்தமும் குளமும் வாய்க்காலும் ஒழுங்கான வடிவின அல்ல. நாற்பக்க நிலத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, அரைத்து, பெருக்கிப் பரப்புக் காணும் வழி இந்திய நாட்டில் பழமையானது. கி.பி. 628-இல் நூலியற்றிய பிரம்மகுப்தர் அதனைத் தோராய வழி என்றே கூறினார். இத்தகைய வழியையே சோழர் கால அளவையாளரும் கையாண்டிருத்தல் கூடும். ஒவ்வோர் அரைப்பும் கீழெண்ணில் ஓர் இரண்டைச் சேர்க்கும். கோலைச் சாணாக்குதலும் குழியை மாவாக்குதலும் மேலும் இரண்டுகளையும் ஐந்துகளையும் சேர்க்கும். இவ்வாறு கூட்டியும் கழித்தும் வரும் எண்ணில் ஒன்றையும் தள்ளாது கணக்கர் இறுதிவரை கொண்டுசென்றனர்.

தள்ளியிருந்தால் என்ன? ஒருவர் முன்னே தள்ளுவர். மற்றொருவர் பின்னே தள்ளுவர். இரு கணக்கர் ஒரே ஊருக்கு இரு விடை காண்பர். மொத்தமும், நீக்கியதும் எஞ்சியதும் கூடிய தொகையும் ஒவ்வா. ஒன்றையும் தள்ளாதவிடத்து யார் போடினும், எவ்வரிசையிற் போடினும், விடை ஒன்றே. நூறாண்டு கழித்துக் கல்லைப் படிப்பவனும் கூட்டிச் சரிபார்க்கலாம். கோல் பிழைக்கும், கை பிழைக்கும், கணக்குப் பிழைக்கலாகாது என்பதே அவர்தம் கொள்கை போலும்.

5. பதினாறு சாண் கோல்

இவ்வெண் நான்காம் கீழ் வரையில் இறங்கியதற்குப் பிறிதொரு காரணமும் உண்டென யாம் கருதுகிறோம். கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனப் பல கோல்கள் வருகின்றன. அவற்றுள் பதினாறு சாண் கோலை எடுத்துக்கொள்வோம். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடையது ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி எனக் கொள்வோம். மாவுக்குரிய குழித்தொகை இடந்தோறும் வேறுபட்டதாயினும், சாண் ஒன்றுக்கு ஒன்பது அங்குலம் கொள்ளின், இவ்வாய்பாடு பிற்காலத் தஞ்சை வேலியின் 6.6 ஏக்கர் அளவோடு நன்கு பொருந்துகிறது.

குழி ஒன்றுக்கு 16-இன் சதுரமாகிய 256 சதுரச் சாண். வேலி ஒன்றுக்கு 2,000 குழி. எனவே வேலி ஒன்றுக்கு 5,12,000 சதுரச் சாண். இவ்வெண் 320-இன் சதுரத்தினும் சரியாக ஐந்து மடங்கு. அஃதாவது, ஒரு சதுரச் சாண் இரண்டாம் கீழில் நான்மா ஆகும். எச்சம் சிறிதும் இல்லை. இனி, சாணையும் முந்திரியாகப் பகுப்போம். நீளமும் அகலமும் முந்திரிச் சாணாகிய சிறு சதுரத்தின் பரப்பு, சதுரச் சாணில் 1,02,400-இல் ஒரு பங்கு. 5,12,000-ஐ 1,02,400-ஆற் பெருக்குக. வருவது 52,42,88,00,000. யாம் தேடிய பேரெண் இதுவே.

நீளத்தை ஒருமுறை முந்திரியாற் பகுத்தால், பரப்பு இரண்டு கீழ் இறங்கும். நீளமும் அகலமும் பெருகிப் பரப்பாதலின் இது இயல்பு. ஆகவே, நீளத்தைச் சாணும் சாணின் கீழ்வாய்ப் பின்னமுமாகக் கணக்கிட்டு, பரப்பை வேலியில் எழுதப் புகுந்த கணக்கன் எவனும் நான்காம் கீழின் நான்மாவை எட்டியே தீர்வான். இந்நீளமும் கோலால் நேரே அளக்கப்பட்டதன்று. கூட்டி அரைத்துக் கால் செய்த கணக்கில் தோன்றியதென்க.

பன்னிரு சாண் கோலாயின் குழிக்கு 144 சதுரச் சாண். பதினெண் சாண் கோலாயின் 324. இரண்டும் ஒன்பதால் வகுபடும். வேலிக்கு 2,000 குழி என்னும் மேலை வாய்பாட்டில் இக்கோல்களைக் கொள்ளின், ஒரு சதுரச் சாணைக் கீழ்வாய் இலக்கத்தால் முற்ற எழுத இயலாது. எத்துணைக் 'கீழ்' அடுக்கினும் ஓர் எச்சம் நிற்கும். பதினாறு சாண் கோல் ஒன்றே எச்சமின்றி அமைகிறது. கணக்கர்க்கு எளிது என்பதும் அக்கோல் பெருவழக்குப் பெறுதற்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். சாணுக்குப் பன்னிரு விரல் என்பதிலும் மூன்று உண்டு. விரற்கணக்கைப் பரப்பிற் புகுத்தாது சாணோடு நின்று, அதன்மேற் கீழ்வாய்ப் பின்னத்தைக் கையாண்டனர் எனக் கொள்ள இப்பேரெண்ணே துணை செய்கிறது. நெல்லளவையிலோ மூன்று தூணி ஒரு கலம் என மூன்று புகுந்தது. நெல் முகந்து அளக்கப்படுவதாதலின் அங்கே அது தடையாகவில்லை.

6. நூலெண்ணும் வழக்கெண்ணும்

பிற்காலத்ததாகிய கணக்கதிகாரம் முதலிய நூல்களிலும் மிகச் சிறு பின்னங்கள் உள. கீழ்முந்திரியின் 21-இல் ஒன்று இம்மி; அதன் 11-இல் ஒன்று மும்மி; அதன் 7-இல் ஒன்று அணு; அதன் 9-இல் ஒன்று குணம் என அவ்வடுக்கு நீளும். இம்மியின் கீழெண் 21,50,400. மும்மியின் கீழெண் 2,36,54,400. அணுவின் கீழெண் 16,55,80,800. இவ்வெண்களில் மூன்றும் ஏழும் பதினொன்றும் புகுந்துவிட்டன. இவற்றைக் கால், மா, முந்திரி என்பனவற்றோடு கூட்டப் புகுவோர் பெரிதும் இடர்ப்படுவர். அறிவு விளையாட்டுக்கும் மாணவர் பயிற்சிக்கும் இவை ஏற்றன, ஊர்க்கணக்குக்கு ஏலா.

தமிழர் கண்ட சிறு பின்னங்கள் எனப் பொதுவாகப் பட்டியலிடுவோர் தஞ்சைக் கல்வெட்டின் பின்னத்தையும் இம்மி, அணு முதலியவற்றையும் ஒருங்கே வைத்துப் பேசுவர். அது பொருந்தாது. ஓர் எண்ணின் பகா எண் கூறுகளை நோக்கினாலே, அது புழக்கத்துக்காகப் பிறந்ததா, பட்டியலுக்காகப் பிறந்ததா என்பதை ஒருவாறு உணரலாம். பேரெண்ணின் அளவு மட்டும் அதன் பெருமையன்று. அதன் அமைப்பே அதன் வரலாறு.

7. முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகளைத் தொகுத்துரைப்போம். 52,42,88,00,000 என்பது நான்காம் கீழில் நான்மாவின் கீழெண். இரண்டும் ஐந்துமே அதன் கூறுகள். அதனைக் கொண்டு சோழர் ஊசிமுனை நிலத்தையும் அளந்தனர் எனல் பொருந்தாது. கணக்கில் வந்த எதனையும் தள்ளாது எழுதினர் எனலே பொருந்தும். பதினாறு சாண் கோலும் கீழ்வாய் இலக்கமும் எச்சமின்றி இயைந்தமையே அவ்வாறு எழுதுதற்கு வழி செய்தது.

இம்முடிபால் முன்னோர் பெருமை குறைந்துவிடும் என அஞ்சுவார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. செய்யாததொன்றைச் செய்தனர் எனப் புகழ்வது அவர்க்குப் புகழாகாது. கேட்கும் பிறநாட்டார் ஒருநாள் அரைச் சதுர மில்லிமீட்டரைக் கணக்கிட்டுக் காட்டின், உண்மையான பெருமையும் உடன்சேர்ந்து ஐயுறப்படும். ஒரு நெல்லிற் சிறு கூறும் பெறாத பின்னத்தைக் கல்லில் வெட்டிவைத்த அரசு, தன் கணக்கை எவரும் கூட்டிப் பார்க்கலாம் என ஊரார் முன் வைத்த அரசாகும். இதனினும் சிறந்த புகழ் வேறு வேண்டுவதில்லை.

மூவடியால் உலகளந்தவன் பெயரைத் தாங்கிய கோல், மூன்றால் வகுபடாத ஓர் எண்ணை நமக்கு விட்டுச்சென்றது. கல்வெட்டுகளில் வரும் நிலப்பின்னங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, ஒவ்வோர் இடத்திலும் எத்தனையாம் கீழ் வரையில் கணக்கு இறங்கியது, மொத்தமும் கழிவும் எச்சமும் ஒத்துவருகின்றனவா, எக்கோல் வழங்கிய ஊரில் எப்பின்னம் வருகிறது என ஆராய்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி. சொல்லாராய்ச்சியில் தேர்ந்த தமிழ் மாணவர் கீழ்வாய் இலக்கத்தையும் ஓரளவு பயின்று அப்பணியில் இறங்குவாராயின், கல்வெட்டுகள் இன்னும் பல உண்மைகளைக் கூறும் என்பது ஒருதலை.